பிஸ்கட் டப்பாவில் மூன்று நாள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சௌக்கியம். இது வாய்வார்த்தைக்கு எழுதுகிற சௌக்கியம் இல்லை, இன்று காலை ஏழு மணிக்கு இரண்டு பேர் நெற்றியிலும் காய்ச்சல் பார்க்கிற கருவியை நீட்டி நோட்டில் குறித்துவைத்த சௌக்கியம், அதனால் தாராளமாக நம்பலாம். நீயும் அதேபோல் இருக்க வேண்டும், எங்களுக்கு வேறு கோரிக்கை இல்லை. போன மாதம் நான் எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை கண்ணு, தகவலுக்காகச் சொல்கிறேன். அதான் வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறோமே என்பாய். நான் போனில் பேசுகிற லட்சணம் எனக்கே தெரியும். சாப்பிட்டியா, அங்க மணி என்ன, இரு அம்மாகிட்ட குடுக்கறேன், இந்த மூன்றைத் தாண்டி வாய் வராது. பேனாவைப் பிடித்தால்தான் எனக்குப் பேச்சு வருகிறது, என்ன செய்ய, என் ராசி அப்படி.

வீட்டில் அம்மாவின் ராஜ்யம் அமோகமாக நடக்கிறது. கடையிலிருந்து வருகிற எந்தப் பொருளும் வாசலருகே பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்த பிறகுதான் சமையலறைக்குள் நுழையலாம். சோப்பு வாங்கி வந்தால் அந்தச் சோப்பையே சோப்புப் போட்டுக் கழுவுகிறாள் என்றால் பார்த்துக்கொள். முழங்கால் வலி பரவாயில்லை, நடக்கச் சொன்னார்கள், நடக்கிறாள், நான் கூடப் போனால் வேகம் பத்தவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டே நடக்கிறாள். மாடியில் இருக்கிற உன் அத்தைக்கு நோய் வந்து தேறியதைப் போனில் சொன்னேன். நன்றாக இருக்கிறாள், நாக்கில் ருசி மட்டும் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இப்போதுதான் நாத்தனார் குறை சொல்லாமல் என் சமையலைச் சாப்பிடுகிறாள் என்று அம்மா சொல்கிறாள். அத்தை காதில் விழும்படியே சொல்கிறாள், இருவரும் சிரிக்கிறார்கள். அந்தப் பத்து நாள் நாங்கள் பட்ட பாட்டுக்கு இந்தச் சிரிப்பைக் கேட்பதே பெரிய விஷயம்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதமே அதற்காகத்தான். இலையுதிர் காலம் முடியப்போகிறது, இன்னும் நான் பெருக்கப் பெருக்க மரங்கள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன, யார் முதலில் அலுக்கிறார்கள் பார்க்கலாம் என்று எங்களுக்குள் போட்டி. பிள்ளைகளைத் திரும்ப வரவழைத்தபோது ஒவ்வொரு வகுப்பையும் இரண்டாகப் பிரித்தார்கள் என்று உனக்குத் தெரியும். காலையில் ஒரு பாதி, மதியம் ஒரு பாதி, ஒன்றை ஒன்று பார்க்கவே பார்க்காது. நடுவில் ஒரு மணி நேரம் என்னுடையது. வாளியும் துணியுமாக ஒவ்வொரு மேசையாகத் துடைக்க வேண்டும், மேசைக்கு அடியில் இருக்கிற தட்டில் ஏதாவது கிடந்தால் எடுத்துக் குப்பையில் போட வேண்டும். பெரிய டீச்சர் வாராவாரம் வெள்ளிக்கிழமை குடும்பங்களுக்கு ஓர் அறிவிப்புத் தாள் அனுப்புகிறார், அதன் பிரதியை வாசலில் ஒட்டுவது நான் என்பதால் எனக்கு எல்லாம் மனப்பாடம். ஜன்னல்கள் நாள் முழுக்கத் திறந்திருக்கும், அதனால் இன்னொரு ஸ்வெட்டர் கொடுத்து அனுப்பவும். பிறந்தநாளுக்கு இனிப்பு வேண்டாம். தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதவும். பிள்ளைகள் ஒருவர் முகக்கவசத்தை ஒருவர் மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று வீட்டில் எடுத்துச் சொல்லவும். இது ஏன் வந்தது தெரியுமா, இரண்டாம் வகுப்பில் ஒரு பயல் தன் சிங்கப் படம் போட்ட மாஸ்க்கைக் கொடுத்துவிட்டு இன்னொருத்தனுடைய டைனோசரை வாங்கி மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். நான்காவது அறிவிப்பில் ஒரு வரி உண்டு, காலைப் பிரிவும் மதியப் பிரிவும் எந்தப் பொருளையும் பரிமாறிக்கொள்ளக் கூடாது. இந்த வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள், உன் அப்பன் வழுக்கி விழுந்தது இதில்தான்.

மூன்றாம் வகுப்புக் காலைப் பிரிவில் ஒரு வாயாடி இருக்கிறாள். மாஸ்க் போட்ட பிறகும் அவள் பேச்சு வாசல்வரை கேட்கும். ஒரு நாள் ஜன்னல் கொக்கியை மாட்டிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்று, "சாவி மாமா, என் ஃப்ரெண்டை மதியத்துல போட்டுட்டாங்க, இதை அவகிட்ட குடுப்பீங்களா?" என்று மடித்த தாளை நீட்டினாள். இடுப்பில் சாவிக்கொத்து தொங்குவதால் பள்ளிக்கூடம் முழுக்க நான் சாவி மாமா. தாளின் மேல் தோழியின் பெயரைப் பெரிதாக எழுதி, சுற்றிப் பூவெல்லாம் போட்டிருந்தாள். முடியாது, சட்டம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் வேறு வார்த்தை வந்துவிட்டது. உன் அம்மாவின் முறை நினைவுக்கு வந்தது, மூணு நாள் ஆகும் என்று அவளிடம் சொல்லி வாங்கிக்கொண்டேன். பாய்லர் அறையில் ஒரு காலி பிஸ்கட் டப்பா இருந்தது, அதில் தேதி எழுதிய சீட்டோடு மூன்று நாள் வைத்தேன். நான்காம் நாள் மதிய இடைவேளையில், துடைத்து முடித்த பிறகு, சுவரில் ஒட்டியிருக்கிற இருக்கைப் படத்தில் அந்தப் பெயர் எங்கே இருக்கிறது என்று பார்த்து அந்த மேசைத் தட்டில் வைத்துவிட்டேன். மறுநாள் சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு துடைக்கப் போனால் அதே தட்டில் பதில் காத்திருந்தது. அதற்கும் மூன்று நாள் டப்பா வாசம், அப்புறம் வாயாடியின் தட்டு, அவள் இடம் எனக்குக் காலையில் ஜன்னல் திறக்கும்போதே பார்த்துப் பழக்கம். இப்படி ஆறு வாரம் நடந்தது. ஒன்றைக்கூட நான் பிரித்துப் பார்த்ததில்லை, அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற வழக்கம் நம் குடும்பத்தில் கிடையாது. இரண்டாவது கடிதத்திலிருந்து வாயாடி மேலே பெயர் எழுதுவதை விட்டுவிட்டாள். அதான் யாருக்கென்று மாமாவுக்குத் தெரியுமே, எழுதச் சோம்பல் என்று நினைத்தேன். எங்களுக்குள் ரகசியமாக ஒரு தபால் இலாகா நடக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை, போன மாதம் உனக்கு எழுதியபோதுகூட வாய்விடாமல் அடக்கிக்கொண்டேன்.

இன்னொரு பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மதியப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள், எப்போதும் ஒரு கம்பளிக் குல்லா, புருவம்வரை இழுத்துவிட்டிருப்பாள், கீழே மாஸ்க், நடுவில் இரண்டு கண் மட்டும்தான் தெரியும். அவள் முகத்தைப் பள்ளிக்கூடத்தில் யாருமே முழுசாகப் பார்த்ததில்லை. சேர்ந்த முதல் இரண்டு வாரம் வாசலில் அம்மாவின் கோட்டைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டாள். தினமும் வயிற்றுவலி. நான் கருவியை நீட்டினால் காய்ச்சல் இருக்காது, கண்ணில் தண்ணீர் இருக்கும். அவள் அம்மா சலவைக்கூடத்தில் வேலை செய்கிறவர், இப்படியே போனால் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று பெரிய டீச்சரிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அப்புறம் என்ன நடந்தது என்று தெரியவில்லை, பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக மாறினாள். வரிசையில் முதல் ஆளாக நிற்க ஆரம்பித்தாள். "என்ன மாயமோ தெரியல, பன்னெண்டு மணிக்கே ஷூவை மாட்டிக்கிட்டு கதவுகிட்ட நிக்குது, வயித்துவலிங்கற பேச்சே இல்ல" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தம் இருக்கும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் வந்த அறிவிப்பில் நல்ல சேதி. ஊரில் நோய் குறைந்திருப்பதால் அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமையிலிருந்து இரண்டு பாதியும் ஒன்றாக உட்காரும், மாஸ்க் உண்டு, ஜன்னல் திறந்திருக்கும், மற்றபடி பழையபடி. வாசலில் நான் அதை ஒட்டும்போதே பெற்றோர்கள் கைதட்டினார்கள். எனக்கும் உற்சாகம் தாங்கவில்லை. மதிய வரிசையில் நின்ற வாயாடியின் தோழியை, இரட்டைச் சடை போட்டிருப்பாள், கூப்பிட்டு, என்ன, இனிமேல் கடுதாசி வேலை எனக்கு மிச்சம் என்று கண்ணடித்தேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, "எந்தக் கடுதாசி? எனக்கு யாருமே போடலையே" என்றாள். மணி அடித்ததும் இலை பெருக்குவதைப் போட்டுவிட்டு மூன்றாம் வகுப்புக்கு ஓடினேன். மதியத்தில் நான் வெளியே முற்றத்தில்தான் இருப்பேன், யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. இரட்டைச் சடை கடைசி வரிசையில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். நான் ஆறு வாரமாகக் கடிதம் வைத்தது முதல் வரிசையில் சுவரோரம், அதற்கு நேர் எதிர் மூலை. அங்கே உட்கார்ந்திருந்தது கம்பளிக் குல்லா. தப்பு எங்கே நடந்தது என்று அப்போதுதான் உறைத்தது. அந்தப் படம் டீச்சர் கரும்பலகையருகே நின்று பார்க்கிறபடி வரைந்தது. உன் அப்பன் இருபத்தாறு வருஷமாக வாளியோடு பின்கதவு வழியாக நுழைகிறவன். என் பக்கத்திலிருந்து பார்த்தால் அவர்களுடைய கடைசி எனக்கு முதல், அவர்களுடைய ஜன்னல் எனக்குச் சுவர்.

அம்மாடி, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நினைத்துப் பார், அந்தக் குழந்தை வயிற்றுவலியை மறந்ததே இந்தக் கடிதத்தால்தான். திங்கட்கிழமை வாயாடி வந்து தோழியைக் கட்டிக்கொண்டு கடிதக் கதையை எடுத்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும், உனக்கு வந்த எதுவுமே உனக்கு இல்லை என்று எட்டு வயசுப் பிள்ளையிடம் யார் சொல்வது, சொன்ன பிறகு அது மறுபடியும் இந்த வாசலை மிதிக்குமா? இரண்டு நாள் உன் அம்மாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் அவளாகவே முகத்தைப் பார்த்துக் கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டாள். வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்ட கதைதான் என்று ஆரம்பித்து ஒரு பாட்டம் தீர்த்தாள், முடித்துவிட்டு, இப்ப உங்க பொண்ணு அங்க என்ன வேலை பார்க்கறா, அவ செய்யறதைச் செய்யுங்க என்றாள். அது சரியான பேச்சு. விமான நிலையத்தில் பெட்டி மாறிப்போனவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நீ ஒரு தடவை சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா. முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும், அடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும், காரணம் கடைசியில்தான், எல்லோரும் காரணத்தை முதலில் சொல்லித்தான் திட்டு வாங்குகிறார்கள் என்றாய். மறுநாள் பெரிய டீச்சர் முன்னால் போய் நின்று அதே வரிசையில் சொன்னேன். நான்காவது அறிவிப்பை எழுதியதே அவர்தான், வேலைக்கே உலை வைத்துக்கொண்டோம் என்றுதான் நினைத்தேன். அவர் கண்ணாடியில் மாஸ்க் ஆவி படிந்திருந்தது, கழற்றித் துடைத்தபடி, டப்பாவைக் கொண்டு வரச் சொன்னார். தேதி எழுதிய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மூணு நாள் தவறாம வெச்சீங்களா?" என்றார். வைத்தேன் என்றேன். "அப்ப கிருமிக்கு நான் கவலைப்படல. ஆனா அந்தப் பிள்ளைகிட்ட நீங்களேதான் சொல்லணும், அதுவும் திங்கட்கிழமைக்கு முன்னாடி" என்று டப்பாவை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இன்றைக்குச் சொல்கிறேன் நாளைக்குச் சொல்கிறேன் என்று தள்ளித் தள்ளிக் கடைசி வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. பள்ளி விட்டு மற்றப் பிள்ளைகள் போனதும் கம்பளிக் குல்லாவின் அம்மாவிடம் அனுமதி கேட்டு, வாசல் பெஞ்சில் அவள் ஒரு கோடியிலும் நான் மறு கோடியிலுமாக உட்கார்ந்தோம். கண்ணு, உனக்கு வந்த கடுதாசியெல்லாம் வேற ஒரு பிள்ளைக்குப் போக வேண்டியது, மாமா மேசையை மாத்தி வெச்சிட்டேன், தப்பு என்னோடது, என்னை மன்னிச்சுக்கோ என்றேன். காரணத்தைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "தெரியும்" என்றாள். அந்தப் பிள்ளையின் குரலை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். எப்படித் தெரியும் என்றேன். மொதக் கடுதாசி மேலேயே வேற பேர் பெருசா போட்டிருந்துச்சே என்றாள், ஏதோ என் பார்வையில்தான் கோளாறு என்பதுபோல. அப்புறம் ஏன் பதில் எழுதினாய் என்று கேட்டேன். "பதில் போடலேன்னா அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்கல்ல" என்றாள். தன்னுடைய முதல் பதிலிலேயே, இது உங்க ஃப்ரெண்டுக்குப் போகலை, எனக்கு வந்துடுச்சு, ஸாரி என்று எழுதி, குல்லா போட்ட ஒரு பூனையை வரைந்து வைத்தாளாம். அதற்கு வாயாடி, பரவாயில்லை, நீயே எழுது, பூனைக்குப் பேர் என்ன என்று திருப்பிக் கேட்டாளாம். மேலே பெயர் எழுதாமல் விட்டது சோம்பலால் இல்லை, பெயர் தெரியாததால். ஆக மொத்தம் எழுதினவளுக்குத் தெரியும், வாங்கினவளுக்குத் தெரியும், நடுவில் ஆறு வாரம் தபால்காரன் ஒருத்தன்தான் ஒன்றும் தெரியாத அசடு. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது, மாஸ்க் இருந்தது நல்லதாகப் போயிற்று. கிளம்பும்போது திரும்பி வந்து ஒன்று கேட்டாள். "திங்கக்கிழமை நேர்ல பார்த்தா அவங்களுக்கு என்னைப் பிடிக்குமா மாமா?" வந்து பாரு என்று மட்டும் சொன்னேன், சொல்லிவிட்டு சனி ஞாயிறு முழுக்க இவள் வருவாளா மாட்டாளா என்று நான்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரிந்தேன்.

திங்கட்கிழமை வந்தாள். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து வந்த சத்தத்தில் மரத்தில் மிச்சமிருந்த இலையும் கொட்டியிருக்கும். அவள் யாரையும் பார்க்காமல் நேரே போய் முதல் வரிசைச் சுவரோரம் உட்கார்ந்து, குல்லாவை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாள். எனக்கு மூன்றாம் வகுப்பில் அப்போது ஒரு வேலையும் இல்லை, திறந்திருந்த ஜன்னலையே மறுபடியும் திறந்துகொண்டிருந்தேன். வாயாடி இரட்டைச் சடையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள், கடைசி வரிசைக்குப் போக இரண்டடி வைத்தாள், நின்றாள். அந்தக் குல்லாவை வாரம் தவறாமல் பூனை தலையில் பார்த்தவள் ஆயிற்றே. தோழியின் கையை விடாமலேயே அவளையும் இழுத்துக்கொண்டு முதல் வரிசைக்கு வந்து, பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைத் தட்டில் வைக்காமல் மேசைமேலேயே வைத்தாள். அதன் மேல், பூவெல்லாம் போட்டு, பூனையின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. "மூணு நாளெல்லாம் ஆகாது, இப்பவே படி" என்றாள், வகுப்பு முழுக்கக் கேட்கிற குரலில். குல்லாக்காரி தாளைத் தொடாமல் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். எங்கள் டப்பாச் சட்டப்படி நான் அதை வாங்கி மூன்று நாள் உள்ளே போட்டிருக்க வேண்டும். நான் ஜன்னல் கொக்கியில் என்ன பழுது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தாள் பிரிகிற சத்தம் கேட்டது.

அவ்வளவுதான் சேதி. அந்தப் பிள்ளைக்கு அப்புறம் வயிற்றுவலி வரவில்லை, நேற்றைக்கு ஓட்டத்தில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு வந்தாள், மருந்து போடும்போது வாய் ஓயாமல் பேசினாள், நல்ல வாத்தியார்தான் கிடைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இருக்கைப் படத்தில் கரும்பலகை எந்தப் பக்கம் என்று இப்போது சிவப்பு மையில் அம்புக்குறி போட்டிருக்கிறது, பெரிய டீச்சரே போட்டார், என்னைப் பார்த்துக்கொண்டே போட்டார். உனக்குப் பெட்டி தேடுகிற வேலை மறுபடியும் கூடியிருக்கிறது என்று சொன்னாய், நல்லதுதான், ஜனங்கள் நடமாட ஆரம்பித்திருக்கிறார்கள் என்று அர்த்தம், ஆனால் நிற்க நேரமில்லை என்று வெறும் காபியோடு பொழுதை ஓட்டாதே. தலை ஈரத்தோடு வெளியே போகாதே என்று அம்மா எழுதச் சொன்னாள், ஏற்கெனவே ஆயிரம் தடவை சொல்லியாயிற்று என்றேன், ஆயிரத்து ஒன்றாவது தடவை எழுதுங்க என்றாள், எழுதிவிட்டேன். உன்னைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. வழி எப்போது திறக்கிறதோ அப்போது வா, அவசரப்படாதே, ஆனால் தாமதமும் பண்ணாதே. உன் அறை சுத்தமாக இருக்கிறது, உன் ஜன்னலையும் தினம் திறந்து மூடுகிறேன். நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி, நல்ல மனுஷர்கள் சூழ, நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு.

ஒன்றே ஒன்று ஞாபகப்படுத்துகிறேன், கோபித்துக்கொள்ளாதே. யாருக்கோ போக வேண்டிய கடிதத்துக்கே அந்த எட்டு வயசுப் பிள்ளை பதில் போட்டிருக்கிறாள். இது உன் பெயர் போட்டே வருகிறது.

இப்படிக்கு,
காத்துக்கொண்டிருக்கும் உன் அப்பா